இரண்டு வளைவுகள்

வால்டிவியாவில் மே மாத மழை
யாரும் பேச்சில் எடுக்காத மழை.
அந்த மழையில் வந்து சேர்ந்தது
மென்பொருளின் உரிமம், ஒரு மின்னஞ்சலாக,
நான்கு பேருக்கு.
நாங்கள் ஒன்பது பேர்.

எலியசேர் சொன்னான்:
ஓடுகிற வேலையில் கைவைக்க வேண்டாம்,
முடிந்ததில் பழகுவோம்.
முடிந்தது என்றால் ஆற்றோரப் பள்ளிக்கூடம்.
பதினோரு வருடமாய் நிற்கிறது.
இரண்டு முறை நிலம் ஆடியும் கீறல் இல்லை.
புதிய வாடிக்கையாளர்களுக்கு
அதன் படத்தைத்தான் முதலில் காட்டுவோம்.

எர்மினியா திரையில் தூண்களை எழுப்பினாள்.
கோடு இழுத்தால் இப்போது கோடு வருவதில்லை,
உத்தரம் வருகிறது
எடையோடு, கம்பியோடு, விலையோடு.
மூன்று வாரம் திட்டிக்கொண்டே கட்டினோம்.
பிறகு குழாய்க்காரர்களின் பழைய தாள்களையும்
அதே மாதிரிக்குள் இறக்கி
எங்காவது மோதுகிறதா என்று கேட்டோம்.

ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.

சிரித்தோம்.
கதவுப் பிடி சுவரைத் தொட்டால்கூட மோதலாம் அதற்கு.
ஒவ்வொன்றாய்த் தள்ளிக்கொண்டு வந்த எர்மினியா
வெள்ளிக்கிழமை மாலை என்னைக் கூப்பிட்டாள்.
இரண்டாம் தளம், ஏழாம் அச்சு.
தூணிலிருந்து நாற்பது சென்டிமீட்டர் தள்ளி
உத்தரத்தின் வயிற்றைத் துளைத்துப் போகிறது
கழிவுநீர்க் குழாய், சிவப்பாக.
நிலம் ஆடினால் எந்த இடம் முதலில் வலிக்குமோ
அந்த இடம்.

எங்கள் தாள் சரி. அவர்கள் தாளும் சரி.
ஒன்றின்மேல் ஒன்று வைத்து யாரும் பார்க்கவில்லை.
பார்த்ததாகக் கையொப்பம் மட்டும் இருக்கிறது,
என்னுடையது.

திங்கட்கிழமை காலை ஏழு மணி.
பள்ளிக் காவலர் டொன் பிளாசிடோ ஏணியைப் பிடித்துக்கொள்ள
கூரைப் பலகையைக் கழற்றி விளக்கடித்தேன்.

உத்தரம் முழுசாக இருந்தது.
குழாய் அதன் முன்னே வந்து நின்று
இறங்கி, குனிந்து,
அடியில் புகுந்து போயிருந்தது.
யாரோ, யாரையும் கேட்காமல்,
இரண்டு வளைவுத் துண்டுகளை மாட்டியிருக்கிறான்.

"இந்த இடமா?" என்றார் காவலர் கீழிருந்து.
"ஒவ்வொரு குளிர்காலமும் இங்கேதான் அடைக்கும்.
இதை வைத்தவன் மட்டும் என் கையில் கிடைக்கட்டும்."
எனக்கு உடனே இறங்க முடியவில்லை,
முழங்கால்கள் ஒத்துழைக்கவில்லை.

மதியம் எர்மினியா
மாதிரியில் இரண்டு வளைவுகளைச் சேர்த்தாள்.
சிவப்பு போயிற்று.
மாற்றம் செய்தவர் பெயர் என்றொரு கட்டம்,
காலியாக விட்டால் சேமிக்க மறுத்தது.
குழாய் நிறுவனத்தை மூடி ஆறு வருடம்.
பெயர்ப் பட்டியல் யாரிடமும் இல்லை.

தெரியவில்லை, என்று தட்டினாள்.
ஏற்றுக்கொண்டது.
மீதி எழுநூற்று மூன்று.