எட்டுப் பென்னி

அறிவிப்பைத் தேவாலயக் கதவில் அறைந்திருந்தார்கள்.
மழை. எல்லாரும் குனிந்தபடி உள்ளே போனார்கள்.
படிக்கத் தெரிந்த பாதிரியார்
தன் பங்கு எத்தனை ஏக்கர் என்பதை மட்டும்
இரண்டு முறை படித்தார்.

புதன்கிழமை அளவர் வந்தார்.
நூறு கண்ணிச் சங்கிலி, ஈரத்தில் கனத்தது.
மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும் என்றார்.
ஜேபெஸ் தோர்ல்பி பிடித்தான்.
குளம், வாத்து மேடு, விறகுப் புதர்,
அவன் பசு படுத்துப் படுத்துக் குழிந்த இடம்,
எல்லாவற்றின் மேலும் அந்த இரும்பு
ஒருமுறை படுத்து எழுந்தது.

விடுதி மாடியில் மூன்று ஆணையர்கள்,
ஆட்டுக்கறி, மை.
"மேய்ச்சல் உரிமைக்கு எழுத்து இருக்கிறதா?"
டாம்சின் சொன்னாள்: "பசுவுக்கு வழி தெரியும்."
எழுத்தர் சிரிக்கவில்லை. அதையும் எழுதினார்,
பிறகு அடித்தார்.

வேலியே பயிரை மேய்ந்தது என்போம் நாம்.
நார்த்தாம்ப்டன்ஷயரில் அந்த ஆண்டு
வேலி முதலில் பசுவை மேய்ந்தது.
பிறகு வாத்துகளை. பிறகு அடுப்பை.

வேலி தானாக முளைப்பதில்லை.
நடுவதற்கு ஆள் வேண்டும்;
வேறு பிழைப்பில்லாத ஆட்கள்
அப்போதுதான் கிடைக்கத் தொடங்கியிருந்தார்கள்.
நாளுக்கு எட்டுப் பென்னி.
நவம்பர் முழுக்க முள்செடிக் கன்றுகளை
நூல் பிடித்து நட்டான் ஜேபெஸ்.
நன்றாகவே நட்டான். கோணல் அவனுக்குப் பிடிக்காது.

அதே மாதம்தான் பசுவையும் கன்றையும் விற்றார்கள்.
நட்டதும் கன்று, விற்றதும் கன்று:
என் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்.
அவன் மொழியில் அப்படி இல்லை,
அதனால் இந்தக் குத்தல் அவனுக்கு இருந்திருக்காது என்று
நினைத்துக்கொள்கிறேன்.
தெரியவில்லை.

செம்மறிகள் வந்தது, கம்பளி வண்டியின் பின்னே
மகன் எபன் வடக்கே நடந்தது,
மணியடித்து ஆளை எழுப்பும் ஆலை ஒன்றில்
அவன் இடது கை போனது,
இதெல்லாம் பிறகு.
நான் சொல்ல வந்தது முதல் சனிக்கிழமையை.

மேசைமேல் காசை அடுக்கினான்.
பாலுக்கு இரண்டு ஒதுக்கினாள் டாம்சின்.
விறகுக்கு ஐந்து.
அதுவரை விலை கேட்டிராத பொருள்கள்
ஒவ்வொன்றாய் வந்து மேசையைச் சுற்றி உட்கார்ந்தன,
கூப்பிடாத விருந்தாளிகள் போல.
ஜேபெஸ் திரும்ப எண்ணினான். நாற்பது.
செவ்வாயன்று அடைமழை, நடவில்லை.
அன்றும் விடிந்தது. அன்றும் பசித்தது.
குளிர் தாங்காமல் அவளை அணைத்துக்கொண்டு
மதியம்வரை படுத்திருந்ததும் அன்றுதான்.

மேசையில் அந்தச் செவ்வாய் இல்லை.
அடியில் குனிந்தும் பார்த்தான்.