மூன்றாவது ஆள்

நெட்டுக்குப்பத்தில் நிற்கிறேன், மணி ஐந்தே முக்கால்.
பனியனில் எண் பதினேழு, ஊக்கு ஒன்று குறைவு.
டில்லிபாபு ஓடி முடித்தாயிற்று,
ஜெசிந்தா வர வேண்டும்
சாம்பல் மேட்டைச் சுற்றிக்கொண்டு.

கோலுக்குப் பதில் ஒரு சாண் பிவிசி குழாய்,
ஒருபக்கம் மூடி போட்டது.
கிளப்பில் காசில்லை.

முகத்துவாரத்தில் வலை உதறுபவர் கேட்டார்:
"எவன் தொரத்துறான்?"
யாருமில்லை என்றேன்.
"அப்போ இன்னாத்துக்கு ஓடற?"
இறால் பக்கம் திரும்பிவிட்டார்.

அதோ.
முழங்கால்வரை சாம்பல்,
ஒற்றைக் காலில் ஷூ.
"பாலத்தாண்ட நாய் இருக்கு" என்கிறாள்,
மேற்கொண்டு பேச மூச்சில்லை.

குழாய் சூடாயிருக்கிறது.
அடியில் கொஞ்சம் ஆற்றுநீர்
குலுங்குகிறது.
சிந்தாமல் ஓடச் சொல்லி
விதி எதுவும் இல்லை.
நிமிர்த்திப் பிடித்துக்கொள்கிறேன்.