யாரும் உட்காராத மேசை

கிளைபேதாவில் எல்லா மேசைகளிலும்
யாரோ ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார்கள்.

நாடகச் சதுக்கத்துப் பீட்சா கடையில்
யூர்கிதாவின் பிள்ளைகளுக்கு அவர்களுடைய அப்பா
ஓரத்தைத் தான் தின்றுவிட்டு
நடுவை வெட்டிக் கொடுத்திருக்கிறார்.
படகுத்துறை மீன்கடையில்
நானும் ஔரேலியாவும்
கடைசியாக ஒருமுறை நாகரிகமாகப் பேசிக்கொண்டோம்.
உருளைக்கிழங்குக் கொழுக்கட்டைக்குப் பேர்போன இடத்தில்
யூர்கிதாவின் மாமியார்,
முன்னாள் மாமியார்,
ஞாயிறு தவறாமல், ஜன்னலோரம்.

அதனால்தான் தாய்லாந்துக் கடை.
டயர் கடைக்கும் பல் மருத்துவருக்கும் நடுவே
நவம்பரில் திறந்தது.
எங்கள் ஐந்து பேரில் ஒருவருக்கும்
அங்கே ஒரு பழைய ருசி இல்லை.

பிப்ரவரிக் காற்று கதவைப் பிடுங்கிக்கொண்டது.
துறைமுகத்தில் நாற்பது டன் பெட்டியை
ஒரு சாண் பிசகாமல் இறக்குகிற நான்
யாரை எங்கே உட்காரவைப்பது என்று தெரியாமல்
ஆவி படிந்த கண்ணாடியோடு
ஒரு நாற்காலியைப் பிடித்தபடி நின்றேன்.
ஸ்கைஸ்தே மூலைக்குப் போனாள்.
பதின்மூன்று வயது.
நான்கு மாதமாக என்னிடம் அவள் பேசியதெல்லாம்
"ம்."
சில நாள் அதுவும் இல்லை.

மெனுவில் படம் இருந்தது. பெயர்கள் வாயில் நுழையவில்லை.
"பதினேழு, முப்பத்திரண்டு, நாற்பத்தொன்று"
லாட்டரி முடிவு போல வாசித்தாள் யூர்கிதா.

எல்லாம் நடுவில் வந்து இறங்கியது.
அவரவர் தட்டு, அவரவர் பங்கு என்று வளர்ந்தவர்கள் நாங்கள்.
இங்கே கைகள் ஒன்றையொன்று தாண்டவேண்டியிருந்தது.
என் முழங்கை ஸ்கைஸ்தேயின் முழங்கையில் பட்டது.
மன்னிப்புக் கேட்டேன்.
"ம்."

பச்சைக் குழம்பைப் பார்த்ததும் தோமாஸ்
"சதகுப்பைத் தழையா?" என்றான்.
வாயில் வைத்தான். சற்று யோசித்தான்.
"இதுக்குப் புளிச்ச பாலாடை வேணும்."
யூர்கிதா மேசைக்கடியில் காலை மிதித்தாள்.
மிதிபட்டது என் கால்.
பரிமாறிய பெண் முகத்தில் ஒன்றும் காட்டாமல் உள்ளே போய்
ஒரு சின்னக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தாள்.
முதலில் கேட்டவன் இவனில்லை போல.

பீன்ஸ் என்று நினைத்துத்தான் கடித்தேன்.
சுண்டுவிரல் நகத்தளவு.
முதலில் ஒன்றுமில்லை.
பிறகு காது.
பிறகு மண்டைக்குள் யாரோ
வெல்டிங் வைக்கத் தொடங்கினார்கள்.
தண்ணீர் குடித்தேன்,
தீ இன்னும் இடம் கேட்டது.
கண்ணிலும் மூக்கிலும் ஒழுக
மிக்லே சிரித்தாள், என் சொந்த மகள்.
தோமாஸ் நாற்காலியிலிருந்தே சரிந்தான்.
யூர்கிதா துடைக்கும் தாளால் வாயை மூடிக்கொண்டாள்.

ஸ்கைஸ்தே சிரிக்கவில்லை.
தன் ஆரஞ்சு நிறப் பால் தேநீரை
உறிஞ்சுகுழலோடு
என் பக்கம் தள்ளினாள்.
என்னைப் பார்க்கவில்லை. தள்ளினாள், அவ்வளவுதான்.
நான் பாதியைக் குடித்தேன்.

மீந்ததைப் பெட்டியில் போட்டுத் தந்தார்கள்.
எந்த வீட்டுக்கு?
யாரும் கேட்கவில்லை, எல்லோரும் பெட்டியைப் பார்த்தோம்.
இன்றோடு மிக்லேயின் என் வாரம் முடிகிறது.
"அம்மா சாப்பிட்டிருக்க மாட்டா," என்று
அவளே மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

ஔரேலியா நின்றபடியே தின்பாள்,
குளிர்பெட்டியின் வெளிச்சத்தில்.
எப்போதும் அப்படித்தான்.
மெல்ல முடியாத அந்த இலையை நாக்கிலிருந்து எடுத்து
இது என்ன என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்.
எனக்கும் தெரியாது.
கேட்க நினைத்து மறந்துவிட்டேன்.

மிக்லேயை இறக்கிவிட்டுத் திரும்பினோம்.
பாலத்தின் மேல் ஏறும்போது
பின்சீட்டிலிருந்து ஒரு குரல்:
"இன்னும் எரியுதா?"

கண்ணாடியில் பார்த்தேன்.
ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.
பல் மருத்துவரின் பலகையைத் தாண்டும் முன்பே
எல்லாம் அடங்கிவிட்டிருந்தது.

"எரியுது," என்றேன்.
"ரொம்ப."