முகவர்

யஷ்வந்த்பூர் மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்கி
பையைத் திறந்து பார்த்தேன். படிவம் நனையவில்லை.
அமலோற்பவம், இன்ஷூரன்ஸ் முகவர்,
பதினேழு வருஷம், ஸ்ரீராமபுரம் கிளை.
முகத்தைக் காட்டிப் பிழைப்பதால் முகவர் என்று
நானாக ஒரு அர்த்தம் வைத்திருந்தேன்.

இன்ஸ்டிட்யூட்டில் மூன்றாம் மாடி.
ஹெப்பார் சாரின் கரும்பலகை முழுக்க வட்டங்கள்.
'நானும் முகவர்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்'
என்றார், கன்னடம் கலந்த தமிழில்.
கமிஷன் எவ்வளவு என்று கேட்டேன்.
வாய்விட்டுச் சிரித்தார்.

ஒரு வட்டத்தைத் தொட்டார். உள்ளே, வெளியே, நடுவில் தோல்.
உள்ளே இருப்பது வெளியை ஒருநாளும் கண்டதில்லை;
தோலில் விழும் தட்டலை வைத்து
வந்திருப்பது யாரென்று ஊகிக்கிறது.
ஊகம் தப்பினால் தன்னை மாற்றும்,
இல்லையென்றால் உலகைக் கொஞ்சம் நகர்த்தும்.
இரண்டும் முடியாத அன்று கலைந்துபோகும்.
கிருமி அப்படி. கேன்டீன் வாசலில்
மழை விடக் காத்திருக்கும் அந்த நாய் அப்படி.
'நீங்களும்தான். ஒரே சமன்பாடு, அளவுதான் வேறு.'

எனக்கு அது புதிதாகப் படவில்லை.
கதவு திறக்கிற வேகத்திலேயே
பாலிசி விழுமா என்று தெரிந்துவிடும்.
ஆபீஸிலும் ஒரு அட்டவணை இருக்கிறது:
நாற்பத்தாறு வயதில், ஆயிரத்தில் எத்தனை பேர் என்று.
யார் யார் என்று சொல்லாது.

'அறிவு சரி சார். வலி எங்கே வருகிறது?'

சாக்பீஸ் நின்றது.
வட்டத்துக்குள் சின்னதாய் ஒரு வட்டம் போட்டார்,
அதற்குள் இன்னொன்று.
ஊகிப்பது தன்னையே ஊகிக்கத் தொடங்கும் இடம்,
அங்கே எங்கேயோ, என்றார்.
மூன்றாவது வட்டம் வட்டமாக வரவில்லை.

அப்போதுதான் பார்த்தேன்.
வலது கையில் கட்டைவிரலும் சுட்டுவிரலும்
இல்லாத ஒரு மாத்திரையை உருட்டிக்கொண்டிருந்தன.
நான் பார்த்ததை அவர் பார்த்தார்.
அவர் பார்த்ததை நானும்.
கை பாக்கெட்டுக்குள் போய்விட்டது.

முதலில் பென்சிலில் நிரப்புவது என் பழக்கம்.
பிறந்த தேதியைத் தப்பாக எழுதி அழித்தேன்.
'எதை அழித்தாலும் சூடு கிளம்பும்' என்றார்,
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.
'மறதிக்கு உலகம் வாங்கும் கட்டணம்.
குறைத்துக் கேட்க முடியாது.'
அழித்த இடத்தைத் தொட்டேன். சூடாகத்தான் இருந்தது.
என் விரலாகவும் இருக்கலாம்.

வாரிசு?
'பூர்ணிமா, மனைவி.' பிறகு மெதுவாக,
'அவளிடம் இன்னும் சொல்லவில்லை.'
எதை என்று நான் கேட்கவில்லை.

பதினொன்றாம் கேள்வி: ஏற்கெனவே நோய் உண்டா?

இல்லை என்று எழுதினால்
பூர்ணிமா என்றைக்கோ கோர்ட் வாசலில் நிற்பாள்.
உண்டு என்று எழுதினால்
இந்த வாரமே காகிதம் திரும்பி வரும்.
கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்,
கோணல் கையெழுத்து.

பஸ்ஸில் பையை மடியில் வைத்து
கையால் மூடிக்கொண்டிருக்கிறேன்.
தோலுக்கு இந்தப் பக்கம் யாரோ கணக்குப் போடுகிறாள்;
அவளை நான் பார்த்ததில்லை.

'ஸ்ரீராமபுர ஹோய்த்தம்மா, எல்லி இளீதீரா?'
கண்டக்டர் குனிந்து நிற்கிறார்.
தெரியவில்லை என்று
எந்த பாஷையில் சொன்னேனோ.