சீட்டு அழிந்த செடி

ஆரிக்கா நகரில் மழை
பள்ளிப் புத்தகத்தில் வரும்; தெருவில் வராது.
யூத்தா ஆற்றுத் தண்ணீரைக் குவளையில் காயவிட்டால்
அடியில் வெள்ளையாக ஒரு கையெழுத்து மிஞ்சும்.

அந்தத் தண்ணீரைத்தான்
நயாரெத் குத்திப்பா தொட்டி தொட்டியாக ஊற்றினாள்.
நூற்றுப் பன்னிரண்டு தொட்டி.
வாரத்துக்கு வாரம் ஒரு கரண்டி உப்பு கூடுதலாக,
வட்டிக்காரனின் நிதானத்தோடு.

தாய், சந்தையில் கிலோக் கணக்கில் விற்கிற சிவந்த தக்காளி.
தகப்பன், மலைச்சரிவில் லாமாகூட வாய்வைக்காத காட்டுச்செடி:
பழுத்தாலும் பச்சை, பட்டாணிப் பருமன்,
கசப்பில் மட்டும் தாராளம்.
இரண்டுக்கும் உண்டான கரு விதைக்குள்ளேயே வாடிவிடும்.
வாடுமுன் அதை ஊசிமுனையால் தோண்டி எடுத்து
கண்ணாடித் தட்டில் கிடத்திச் சர்க்கரைக் கூழ் ஊட்டினாள்.
முந்நூறில் ஒன்பது பிழைத்தன.
அவற்றின் பேரப்பிள்ளைகள்தாம் இந்தத் தொட்டிகளில்.

எது உப்பைத் தாங்கும்,
தாங்கியபின்னும் எது சிவக்கும்?
சிவப்பு அழகுக்கல்ல, அது லைகோபீன்;
வெயில் முப்பத்திரண்டைத் தாண்டினால்
சாயம் ஏறாத நூல்போலப் பழம்
மஞ்சளிலேயே நின்றுவிடும்.

ஞாயிறு இரவு மின்சாரம் போனது.
ஜெனரேட்டர் விளக்குகளை எழுப்பியது,
குளிரூட்டியை எழுப்ப மறந்தது.
வாயிலில் காவலர் ஒலெகாரியோ
வானொலியில் பந்தாட்டம் கேட்டுக்கொண்டிருந்தார்.
அபாயமணியும் ஆரவாரத்தில் கரைந்துவிட்டது.

காலையில் அறைக்குள் நாற்பத்தேழு டிகிரி.
நூற்றுப் பதினொன்று
பிழிந்து போட்ட துணியாகக் கிடந்தன.
நான்கு வருடம்.
மூலையில் ஒன்று நின்றது.
நிமிர்ந்து என்று சொல்ல முடியாது. நின்றது.
அடியிலைகள் கருகி, நுனியில் ஒரு பூ
வெட்கமில்லாத மஞ்சளில்.

சீட்டைத் திருப்பினாள்.
உப்புநீர் தெறித்துத் தெறித்து மை போயிருந்தது.
எண் இல்லை, வரிசை இல்லை.
ஒரு சுழி மட்டும்:
எட்டின் பாதியா, ஒன்பதின் தலையா,
வெறும் பூஜ்யமா.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்போம் நாம்.
இது நினைத்திருந்தால் செத்திருக்கும்.
வேரிலேயே உப்பை மறித்து,
மீறி ஏறியதைக் கிழட்டு இலைக்குள் பூட்டி,
குருத்துக்குச் சேதி போகாமல் பார்த்துக்கொண்டது.
அந்த மறதி
எந்தக் குரோமோசோமில் குடியிருக்கிறது?

இலையில் ஒரு பொட்டளவு துளைத்து
சாந்தியாகோவுக்கு அனுப்பினாள்.
மூன்று வாரம் என்றார்கள். ஐந்தாயிற்று, ஆறாயிற்று.
அதற்குள் பூ காயாகி, காய்
சிவப்பென்று சத்தியம் செய்ய முடியாத
ஒரு நிறத்துக்கு வந்தது.

கத்தியால் பிளந்தாள்.
பாதியை எடைபோட்டு அரைத்துக் குளிர்பெட்டியில் வைத்தாள்.
மறுபாதியில் விதை எண்ணினாள்: பத்தொன்பது.
புதுச் சீட்டில், இந்த முறை பென்சிலால்,
பெயர் தெரியாததால் ‘ஞாயிறு’ என்று எழுதினாள்.

சோதனைச் செடியைத் தின்னக் கூடாது,
கதவில் ஒட்டியிருக்கும் விதி அவள் கையெழுத்தில்தான்.
விரலில் வழிந்ததை நக்கிப் பார்த்தது
பதிவேட்டில் இல்லை.
கசந்தது.
கொஞ்சம்தான்.