எழுபது கிலோமீட்டர்

வோருவில் முதல் பனி விழுந்த வாரம்
லெய்டா வந்தாள், கணவனின் காரில்.
பதினெட்டு அங்குலச் சக்கரம், கோடைக்கு வாங்கியது.
பனிக்குழியில் விளிம்பு நெளிந்துவிடும்,
பதினாறு போடுங்கள் என்றாள்.

விளிம்பு சிறுத்தால் ரப்பர் உயரவேண்டும்,
வெளிவட்டம் மட்டும் மாறக்கூடாது.
இருநூற்றைந்துக்கு ஐம்பத்தைந்து. அதுதான் கணக்கு,
எனக்குத் தெரியும்.
அலமாரியில் கிடந்ததோ அறுபத்தைந்து,
நான்கு, போன வருடத்துச் சரக்கு.
ஒரு பத்துதானே என்றேன்,
அவளிடமா என்னிடமா, நினைவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு கடிதத்தோடு வந்தாள்.
சாலையோரக் கேமரா எழுதியிருந்தது: தொண்ணூற்றைந்து.
"முள் தொண்ணூறைத் தாண்டவே இல்லையே."
கோபமில்லை குரலில்,
அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

சொன்னேன்:
பெரிய வட்டம் ஒரு சுற்றில் கூடுதல் தரை விழுங்கும்.
மீட்டர் சுற்றைத்தான் எண்ணும்,
தரையைப் பார்த்ததே இல்லை அது.

கையுறையின் ஒரு விரலை இழுத்தபடி நின்றாள்.
"டார்ட்டு ஆஸ்பத்திரிக்கு எழுபது கிலோமீட்டர்.
இந்த மாதம் அறுபத்தாறுதான் காட்டியது.
அவரிடம்கூடச் சொன்னேன்,
வழி பழகிவிட்டது,
கிட்டே வந்துவிட்டீர்கள் என்று."

ஜாக்கியை உருட்டி வந்தேன்.
அபராதம் என் பொறுப்பு என்றேன், அவள் கேட்கவில்லை.
ஐம்பத்தைந்தை ஏற்றி
நட்டுகளை இரண்டு முறை முறுக்கினேன்,
மூன்றாவது முறையும்.

எஞ்சினைக் கிளப்பிவிட்டு
கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினாள்.

"இனி எழுபதா?"

"எழுபது."