ஐம்பதை வடிகட்டிய பிறகு

எண்ணெய் வைக்காமல் வரச் சொல்லியிருந்தாள்.
வைக்கவில்லை.
குரங்குக் குல்லாவை மட்டும்
மஞ்சூரிலிருந்து ஊட்டி வரை கழற்றவில்லை.
தை மாதம். குதிரைப் பந்தயத் திடலின் புல்
உப்புக் கொட்டியதுபோல் உறைந்து கிடந்தது.

அதை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு
ஓட்டை ஓட்டையாய் வேறொரு குல்லா போட்டாள்
கூடலூர்க்காரி ஷைனி.
ஓட்டைக்கு ஒரு சொட்டுப் பசை,
பனியைவிடச் சில்லென்று.
ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்.
வலக்காதுக்கு மேலே, கொஞ்சம் உச்சியை ஒட்டி, சி-நாலு.
கம்பத்துக்கு எண் எழுதுவோமே, அப்படி.

பார்த்தவர்கள் எல்லோரும் கேட்டுவிட்டார்கள்,
கரண்ட் அடிச்சா கை போச்சு, போஜண்ணே?
இல்லை.
முப்பத்தோரு வருஷம்
பதினோராயிரம் வோல்ட்டுக்கு எட்ட நின்றவனுக்குப்
பல் தேய்க்கையில் வந்தது.
இடது கையிலிருந்த சொம்பு
விழுந்த சத்தம் கேட்டுத்தான்
அது விழுந்ததே தெரியும்.

இப்போது அந்தக் கையில்
முழங்கைக்குக் கீழே இரண்டு ஒட்டுப்பட்டை.
எவ்வளவு விடுவீங்க என்றேன்.
இருபது மில்லியாம்பியர்.
சிரித்துவிட்டேன்.
லைன் கிளியர் வாங்கியாச்சா என்றும் கேட்டேன்.
அவளுக்குப் புரியவில்லை.

திரையில் முதலில் வந்தது என் தலை இல்லை.
தடிப்பாய், ஒரே சீராய், ஒரு கறுப்புப் பட்டை.
சுவருக்குள் ஓடும் வயரின் இரைச்சல், நொடிக்கு ஐம்பது.
இதை வடிகட்டணும் என்று
ஒரு சொடுக்குச் சொடுக்கினாள்.
மழையிலும் காட்டெருமைக்கு நடுவிலும்
நான் தோளில் சுமந்த ஐம்பது,
போய்விட்டது.
மிச்சத்தில் நான் இருந்தேன்:
நொடிக்குப் பத்து, ஏறி இறங்கி,
அவலாஞ்சி ஏரியில் காற்று விட்ட பிறகு
கரையைத் தொடும் தண்ணீர் மாதிரி.

கை சும்மா இருக்கும்போது மூளை இப்படிப் பாடும் என்றாள்.

பிறகு பொத்தான்.
எறும்பு. எறும்புகள். பிறகு ஒரு பிடி.
மணிக்கட்டு எழுந்தது.
நான் எழுப்பவில்லை.
விரல்கள் ஒவ்வொன்றாய் விரிந்தன,
யாரோ கணக்குக் கேட்டதுபோல.
என் கைதான், எனக்கு முன்னாலேயே
யாருக்கோ பதில் சொல்கிறது.

கையைப் பார்க்காதீங்க, சி-நாலைப் பாருங்க.
அலை படுத்துவிட்டது.
பயந்து போனேன். என் தொழிலில்
இரைச்சல் நின்றால் லைன் செத்தது என்று பொருள்.
ட்ரான்ஸ்ஃபார்மர் முனகும்வரைதான் ஊருக்கு வெளிச்சம்.
இங்கே தலைகீழ்.
தசையிலிருந்து சேதி மேலே போயிருக்கு,
அதான் பாட்டை நிறுத்திட்டுக் கேட்குது என்றாள்.
பொத்தானை விட்டதும் அலை திரும்பியது,
முன்பைவிடக் கொஞ்சம் உயரமாய்.
அதற்கும் ஏதோ பெயர் சொன்னாள். மறந்துவிட்டேன்.

இருபது தடவை. தேநீர். மறுபடி இருபது.
யூகலிப்டஸ் இலை ஒன்று ஜன்னலில் ஈரத்தோடு ஒட்டி
அங்கேயே இருந்தது.

கடைசியில்,
இப்ப நான் விடமாட்டேன், நீங்களே தூக்குங்க.
தூக்கினேன்.
பல்லைக் கடிக்காதீங்க, அதுவும் திரையில வருது.
பல்லை விட்டுவிட்டுத் தூக்கினேன்.
மேசைமேல் கை
ரேஷன் கடையில் வைத்த பைபோலக் கிடந்தது.
வரலை என்றேன்.
அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள்.
சி-நாலில் ஒரு சின்னப் பள்ளம்,
முழுசாய் அடங்கவில்லை, அரைக்கால் அடங்கல்.
கரண்ட் இல்லாமல்.

இது நல்லதா?
தெரியலை, இன்னும் ஆறு வாரம் பார்க்கணும் என்றாள்.
பொய் சொல்லாததற்காக அவளைப் பிடித்தது.

நாலு மணி பஸ்.
கண்டக்டர் மீதிச் சில்லறையை
தெரியாமல் என் இடது கையில் வைத்தான்.
மூடு, என்றேன் உள்ளுக்குள்.
பல்லைக் கடிக்கவில்லை.
நாணயம் சரிந்து, இருக்கைக்கடியில் உருண்டு,
எமரால்டு வளைவில்
ஒரு பள்ளிக்கூடப் பையனின் ஷூவில் முட்டி நின்றது.
அவன் எடுத்துக் கொடுத்தான்.
வலது கையை நீட்டி வாங்கினேன்.
குல்லாவுக்குள் தலையில் பசை காய்ந்து இழுத்தது,
வலக்காதுக்கு மேலே, அந்த இடத்தில்.